வாலுள்ள வாக்கியங்கள்

தலையில் சாயத்தைத் தடவி, பிளாஸ்டிக் உறையை மாட்டி, அதற்கு மேல் ஒரு பழைய துண்டையும் சுற்றிவிட்டு, முட்டை வடிவத்தில் இருக்கும் சமையலறைக் கடிகாரத்தை நாற்பதுக்குத் திருகி வைத்துவிட்டுப் போய்விட்டாள் கடைக்காரி லாய் ஜே, இனி நாற்பது நிமிஷத்துக்கு நான் பேராசிரியை இல்லை, யாருடைய மனைவியும் இல்லை, சுவர் ஓரத்து நாற்காலியில் ஊறப்போட்ட ஒரு தலை, அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாயிற்று, அது இல்லாமல் எனக்கு எதிர்ச்சுவர் ஒரு மஞ்சள் கறை, லாய் ஜே ஒரு ஊதாக் கறை, கொக்கியில் தொங்கும் என் முக்காட்டுத் துணி ஒரு கறுப்புக் கறை. ஆனால் காது இருக்கிறது, காதை யாரும் கழற்றி மடியில் வைக்கச் சொல்லவில்லை, நல்லவேளை. கீழே டிராம் சந்தைக்குள் நுழைகிறது, மணி அடிக்கிறது, காய்கறிக்காரர்கள் தண்டவாளத்தின் மேல் வைத்த கூடைகளைச் சாவகாசமாக நகர்த்துவார்கள், டிராம் காத்திருக்கும், ஹாங்காங்கில் எதற்கும் காத்திருக்காதவர்கள் இந்த ஒரு தெருவில் மட்டும் கூடைக்காகக் காத்திருக்கிறார்கள். நார்த் பாயிண்டில் பெண்களுக்கு மட்டும் என்று இரண்டாம் மாடியில் இப்படி ஒரு முடிதிருத்தும் கடை கிடைத்தது என் அதிர்ஷ்டம், இருபது வருஷமாக வருகிறேன். இடது காதுக்கு மேல் அரிக்கிறது, சொறியக் கூடாது, சொறிந்தால் நகத்தில் சாயம் ஏறும், பிறகு வீட்டில் அவர் பார்த்துவிட்டு மீன் குழம்பில் கைவிட்டாயா என்பார். மணி மூன்றேகால் இருக்கலாம். ஐந்து மணிக்குள் பதிப்பகத்துக்கு அச்சுப்படியை அனுப்பியாக வேண்டும், அனுப்பினால் ஜூன் முப்பதாம் தேதி நான் ஓய்வு பெறும்போது புத்தகம் கையில் இருக்கும், பிரிவுபசாரக் கூட்டத்தில் மேஜை மேல் நிற்கவைப்பார்கள், முப்பத்தொரு வருஷத்துக்கு அது ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்று துறையில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருக்கிறேன். எழுதி முடித்தாயிற்று, பிழை பார்த்தாயிற்று, அனுப்பு என்கிற பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாகப் பையை எடுத்துக்கொண்டு தலைக்குச் சாயம் அடிக்க வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் வோ. ஒரே ஒரு எழுத்து, அதற்கு ஒரு புத்தகம், அந்தப் புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயம். காண்டனீஸ்காரர்கள் வாக்கியத்தை வெறுமனே முடிக்க மாட்டார்கள், கடைசியில் ஒரு வால் வைப்பார்கள், லா, லோ, கா, மே என்று முப்பது நாற்பது வால்கள், அதில்தான் பேச்சின் குணமே இருக்கிறது, நான் கெஞ்சுகிறேனா, அலுத்துக்கொள்கிறேனா, நீ நம்பமாட்டாய் என்று தெரிந்தேதான் சொல்கிறேனா என்பதெல்லாம் அந்த வாலில். வோ இரண்டு உண்டு. நடுக்குரலில் நேராகக் கிடக்கும் வோ, பார்த்துக்கொள், தெரிந்துகொள் என்று சொல்வது. அடித்தொண்டையில் தொடங்கிக் கொஞ்சம் மேலே எழும் வோ, இது நான் பார்த்ததில்லை, அடுத்தவர் சொன்னது, பொறுப்பு அவர்களுடையது என்று சொல்வது. நான் மாணவியாக இருந்தபோது முதன்முதலாக இதை வகுப்பில் ஆங்கிலத்தில் விளக்கப் பேராசிரியர் அரைமணி நேரம் தவித்தார், நான் நோட்டின் ஓரத்தில் தமிழில் ஒரே வார்த்தை எழுதினேன், ஆம். வந்தானாம், போனானாம், மழை வருமாம் என்கிற ஆம். அந்த நிமிஷத்தில்தான் நான் மொழியியல்காரி ஆனேன் என்று நினைக்கிறேன். ஐந்தாம் அத்தியாயம் சொல்வது இதுதான்: இந்தச் சந்தைத் தெருவின் பெண்கள் கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லும்போது இந்த எழும் வோவை மற்றவர்களைப் போல மூன்று மடங்கு வைக்கிறார்கள், ஒரு தடவை வைத்துவிட்டு மேலே போகாமல் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வைக்கிறார்கள், இதுவரை யாரும் கவனித்ததில்லை. இருபத்தாறு பெண்கள், நாற்பத்தொரு மணி நேரப் பதிவு. புத்தகத்தைப் படித்துக் கருத்துச் சொன்ன பெயர் தெரியாத ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார், பதிவுகளின்போது ஆய்வாளர் பேசினாரா என்று. குறைந்த அளவே என்று பதில் எழுதினேன். பொய் இல்லை, அப்படித்தான் நம்பினேன். இன்று காலை நூற்றுப் பன்னிரண்டாம் எடுத்துக்காட்டை, மீன் உருண்டைக்காரி தன் மைத்துனன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வதை, கடைசி முறையாக ஒலிப்பதிவில் கேட்டுச் சரிபார்த்தேன், எழுத்துப்படியில் அதற்கு முந்தைய வரியில் அடைப்புக்குறிக்குள் ஆய்வாளர் என்று மட்டும் இருக்கிறது, என்ன பேசினாள் என்று இல்லை. என் பேச்சை நானே எழுதவில்லை. இருபத்தாறு பெண்களின் இருமலைக்கூட எழுதியவள் என்னை மட்டும் எழுதவில்லை, யாராவது வீட்டில் தலை எண்ணும்போது தன்னை விட்டுவிட்டு எண்ணுவார்களே, அப்படி. ஒலிப்பதிவில் அந்த இடத்தில் ஒரு பெண் குரல் சிரித்துக்கொண்டே கேட்கிறது, பெண்ணுக்கு முப்பத்தொன்பது வயதாமே. வோ. நன்றாக எழும் வோ. என் குரல்தான்.

அதற்குப் பிறகு வேறு பதிவு எதையும் திறந்து பார்க்கவில்லை, பயமாக இருந்தது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு பதிவில் அப்படி இருந்தால் ஒன்றுமில்லை, எல்லாவற்றிலும் அப்படி இருந்தால் நான் அளந்தது சந்தையை இல்லை, என் எதிரொலியை. எதிரே இருப்பவர் மெதுவாகப் பேசினால் நாமும் மெதுவாகப் பேசுவோம், அவர் லோ லோ என்றால் நமக்கும் லோ வந்துவிடும், முதலாம் ஆண்டு மாணவர்களுக்கே இதைப் பாடமாக நடத்துகிறேன். எனக்கு ஆம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். காயல்பட்டினத்திலிருந்து ஏழு வயதில் வாப்பாவின் ரத்தினக்கல் வியாபாரத்தோடு கப்பலில் வந்தபோது அது என்னோடு வந்தது. உம்மா விடவே மாட்டார், பள்ளிக்கூடத்தில் மெய்லிங் கீழே விழுந்துவிட்டாள் என்று ஓடிவந்து சொன்னால், நீ கண்டியா என்பார், காணவில்லை என்றால், அப்ப விழுந்தாளாம்னு சொல்லு மகளே, கண்ணால காணாததுக்கு நீ சாட்சி சொல்லாத, நாளைக்கு அல்லாஹ்கிட்ட நீதான் பதில் சொல்லணும் என்பார். ஒரு எழுத்தில் சொர்க்கமும் நரகமும். நான் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ஆம் போட ஆரம்பித்தேன், காண்டனீஸ் படித்தபோது வோ கிடைத்தது, அப்பாடா, இவர்களிடமும் இருக்கிறது என்று அதைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் மொகுதூம் கேலி செய்வார், ஏம்புள்ள, நீ பக்கத்துல நின்னு பார்த்ததுக்கும் ஆம் போடுறியே, எனக்கும் ஒனக்கும் கல்யாணம் ஆச்சா, ஆச்சாமா என்று கேட்பார். முத்து சுலைஹா என்கிற என் பெயர் வாயில் நுழையாமல் பள்ளிக்கூடத்தில் சுலைஹாவின் முதல் எழுத்தை மட்டும் பிடுங்கி ஸோ என்று ஒரு சீனக் குடும்பப் பெயர் வைத்துவிட்டார்கள், இன்றைக்கும் தெருவில் நான் ஸோ லோஸி, ஸோ டீச்சர். பெயரை மாற்றிவிட்டார்கள், என் வாலை யாரும் வெட்டவில்லை. கடிகாரம் டிக்டிக் என்கிறது. சாயத்தின் நெடி கண்ணைக் கரிக்கிறது, ஆனாலும் இந்த நாற்காலி சுகமாகத்தான் இருக்கிறது, கால் நீட்ட ஒரு பலகை, இடுப்புக்கு ஒரு தலையணை, பயந்தாலும் சாய்ந்துகொண்டு பயப்படலாம்.

கதவு மணி. ஒரு பச்சைக் கறை உள்ளே வருகிறது, புதுக் குரல், ஊரின் மறுகோடியில் இருக்கும் யூன் லாங் பக்கத்திலிருந்து குடிவந்து மூன்று நாள்தான் ஆகிறது என்கிறாள், முடியை நுனி மட்டும் வெட்டினால் போதும் என்கிறாள். லாய் ஜே உட்காரச் சொல்கிறாள். உள்ளே தண்ணீர்த் தொட்டியில் க்வோக் தாய்க்கு, அதாவது கீழே சோயாபால் கடை வைத்திருக்கும் க்வோக் வீட்டம்மாவுக்கு, உதவிக்காரப் பெண் தலை அலசிக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் இரைகிறது. இவர்கள் பேசுவதை நான் எப்போதும் என் தமிழில்தான் கேட்கிறேன், அது என் காதின் பழக்கம். பச்சைக் கறை குரலைத் தாழ்த்துகிறது, தாழ்த்தினாலும் கேட்கிறது. "அந்த மூலையில இருக்கற அம்மா இந்தியாவா? நாம பேசறது புரியுமா?" லாய் ஜே கத்தரிக்கோலைச் சொடுக்கிக்கொண்டே, "அவங்க தூங்கறாங்க, விடுங்க" என்கிறாள், குரலில் குறும்பு, எனக்கு மட்டும் தெரியும் குறும்பு. "துண்டுக்குள்ள எவ்வளவு முடி. எல்லாம் சொந்த முடியா?" நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்கிறேன். அப்போதுதான் புரிகிறது, இதோ நான் இல்லாத ஒரு பதிவு. முப்பத்தொரு வருஷத்தில் எனக்குக் கிடைக்காத ஒன்று, நான் அறையில் இருக்கிறேன், ஆனால் ஆள் கணக்கில் இல்லை. போர்வைக்கு அடியில் விரல்களை விரித்துக்கொள்கிறேன், எழும் வோ வந்தால் ஒரு விரலை மடக்குவேன். என்னை அறியாதவள், என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், இவள் கேட்ட கதையைச் சொல்லி வோ வோ என்று அடுக்கிவிட்டால் அத்தியாயம் பிழைத்தது, நான் வீட்டுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தலாம்.

அவளும் சொல்லிவைத்தாற்போல ஒரு கேட்ட கதையைத்தான் ஆரம்பிக்கிறாள். கனடாவில் அவளுடைய நாத்தனார் வீட்டில் ரக்கூன் புகுந்த கதை, காண்டனீஸில் அந்தப் பிராணிக்குக் கழுவும் கரடி என்று பெயர். "நாத்தனார் போன்ல சொன்னா. ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் வெளிய போயிருந்தாங்க. சமையல்கட்டு ஜன்னல் திறந்திருக்கு. கழுவும் கரடி உள்ள வந்துடுச்சு. ஃப்ரிட்ஜைத் தானே திறந்துடுச்சு. இறாலை எடுத்து, தொட்டியில போட்டு, ஒண்ணு ஒண்ணா கழுவித் தின்னுச்சு. இவ வந்து பார்த்தா குழாயை மூடாம போயிடுச்சு, வீடு பூரா தண்ணி." கதை நன்றாக இருக்கிறது, சிரிப்பு வருகிறது, சிரித்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும், உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். லோ வருகிறது, லா வருகிறது, கா நாலைந்து வருகிறது, தெரிந்துகொள் என்கிற நேரான வோகூட ஒன்று வருகிறது. நான் காத்திருக்கும் வால் வரவேயில்லை. நாத்தனார் சொன்னாள் என்று தொடக்கத்தில் ஒரு தடவை சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு கனடாவில் அந்தச் சமையலறை மூலையில் தானே உட்கார்ந்து பார்த்தவள் போலச் சொல்லிக்கொண்டு போகிறாள். பத்து விரலும் விரித்தபடியே இருக்கின்றன. ஒருத்திதானே, ஒருத்தியை வைத்து என்ன சொல்ல முடியும் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன், யூன் லாங்காரி, இந்தத் தெருக்காரி இல்லை, நான் எழுதியது இந்தத் தெருவைப் பற்றி. அது நல்ல வாதம்தான். என் மாணவன் யாராவது இதே வாதத்தோடு வந்திருந்தால் அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் உலுக்கியிருப்பேன்.

தண்ணீர் நிற்கிறது. க்வோக் தாய் தலையில் துண்டோடு வெளியே வருகிறாள், வழக்கம்போல் எதையோ தவறவிட்டுவிட்டோம் என்கிற அவசரத்தோடு, "என்ன சிரிப்பு, என்ன சிரிப்பு" என்கிறாள். லாய் ஜே திருப்பிச் சொல்ல ஆரம்பிக்கிறாள். அதே கதை. ஐயோ, அதே கதை, அதே பிராணி, அதே இறால், ஐந்து நிமிஷத்துக்குள் வேறு ஒரு வாய், ஆராய்ச்சிக்கூடத்தில் திட்டம் போட்டு வருஷக்கணக்கில் முயன்றாலும் இவ்வளவு சுத்தமாக அமையாது. "இவங்க நாத்தனார் கனடாவுல இருக்காங்களாம். எல்லாரும் வெளிய போயிருந்தாங்களாம். ஜன்னல் திறந்திருந்துச்சாம். கழுவும் கரடி உள்ள வந்துச்சாம். ஃப்ரிட்ஜைத் தானே திறந்துச்சாம். இறாலை ஒண்ணு ஒண்ணா கழுவிச்சாம்." ஒன்று, இரண்டு, மூன்று, விரல்கள் தாமாக மடங்குகின்றன, ஆறு. "அப்படியா, குழாயை மூடலையாமா" என்று க்வோக் தாய், ஏழு. "மூடலையாம், வீடெல்லாம் தண்ணியாம்," எட்டு, ஒன்பது. "கரடிக்குத் தொட்டி எட்டுமா, தொட்டி மேல ஏறி உட்கார்ந்துச்சாமா," பத்து. விரல் தீர்ந்துவிட்டது. அப்படியானால் நான் எழுதியது சரி, இந்தத் தெரு இப்படித்தான் பேசுகிறது, யூன் லாங் அப்படிப் பேசுகிறது, என்னைக் கண்ணை மூடித் தூங்குகிறவளாக நினைத்துக்கொண்டு, இல்லை, லாய் ஜேவுக்கு நான் தூங்கவில்லை என்று தெரியும், ஆனால் அவள் என்னிடம் பேசவில்லையே, க்வோக் தாயிடம் பேசுகிறாள், அப்படியானால் இது என் எதிரொலி இல்லை. எனக்கு உள்ளங்கால்வரை ஒரு நிம்மதி பரவுகிறது. ஜூன் முப்பது, மேஜை மேல் புத்தகம், கேக், மொகுதூம் முதல் வரிசையில் கழுத்துப்பட்டி இறுக்க உட்கார்ந்திருப்பார். அரிப்புகூட நின்றுவிட்டது.

பச்சைக் கறை சிரிக்கிறாள், கொஞ்சம் மனம் நோகிற சிரிப்பு. "என்ன அக்கா, நான் சொன்னதை நம்பலையா? ஒவ்வொண்ணுக்கும் வோ, வோன்னு போடறீங்க. நான் என்ன பொய்யா சொன்னேன்?" கத்தரிக்கோல் நிற்கிறது. "சேச்சே, நம்பாம இல்ல. இங்க நாங்க இப்படித்தான் பேசுவோம்," என்கிறாள் லாய் ஜே. "இந்தத் தெருவுல எல்லாருமா?" "எல்லாரும்னா, இங்க வந்து போறவங்க. மீன் உருண்டைக்காரி, துணி தைக்கறவ, நான், இவ. முன்னாடி நாங்களும் உங்க மாதிரிதான்." க்வோக் தாய் இடையில் விழுகிறாள். "எங்க மருமக என்னைத் திட்டறா. அம்மா, நீங்க பார்த்தீங்களா பார்க்கலையா, ஏன் எப்பப் பார்த்தாலும் வோ வோங்கறீங்கன்னு. நான் என்ன செய்ய, பழகிப்போச்சு." "யார்கிட்ட பழகினீங்க?" என்று பச்சைக் கறை கேட்கிறாள். அப்போது லாய் ஜே, என் இருபது வருஷத்து லாய் ஜே, கத்தரிக்கோலால் என் பக்கம் காட்டியிருக்க வேண்டும், குரல் என் பக்கம் திரும்பியது. "இதோ தூங்கறாங்களே, அவங்க கிட்டதான். ஸோ லோஸி. நம்ம பேச்சை நம்மைவிட நல்லா பேசுவாங்க. நீங்க நினைவு வெச்சிருக்கீங்களா லோஸி, வான்டன் கடை லீங் சமாச்சாரம்?"

நினைவில்லை. பிறகு நினைவு வந்தது, வெந்நீர் போல மெல்ல வந்தது. பதினான்கு வருஷம் இருக்கும், வான்டன் கடை லீங்குக்கு ஏதோ தொற்றுநோய் என்று ஒரு பேச்சு, இந்தக் கடையில்தான் ஆரம்பித்தது, இந்த நாற்காலிகளில்தான், ஒரு வாரத்தில் அவள் கடையில் ஒரு கிண்ணம்கூட விற்கவில்லை. நான் பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்தபோது லாய் ஜே எனக்கும் சொன்னாள், லீங்குக்கு வியாதி வந்துவிட்டது என்று, வால் இல்லாமல். எனக்குக் கோபம் வந்துவிட்டது, உம்மாவின் கோபம். "நீங்க பாத்தீங்களா? டாக்டர் உங்ககிட்ட சொன்னாரா? பாக்கலைன்னா வோ போட்டுச் சொல்லுங்க. உங்க வாயால சாட்சி சொல்லாதீங்க." அன்றைக்குப் பதிவு எடுக்கவில்லை, கருவியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் லீங் கடையில் உட்கார்ந்து, பன்றிக்கறி அடைத்த வான்டன் எனக்கு ஆகாது என்பதால் காய்கறி நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன், சும்மா ஜன்னலோரம் எல்லோரும் பார்க்கும்படி. ஆராய்ச்சியாக நினைக்காததால் ஆராய்ச்சிக் குறிப்பில் எழுதவில்லை. "மறுநாளே நாங்க எல்லாரும் மாத்திக்கிட்டோம்," என்கிறாள் லாய் ஜே பச்சைக் கறையிடம், "வியாதியாம், யாரோ சொன்னாங்களாம், நாங்க பார்க்கலை. அப்படிச் சொன்னா யாருக்கும் பயம் வரலை பாருங்க. லீங் இன்னும் கடை நடத்தறா. அதுல இருந்து வந்த பழக்கம். வோ போடலைன்னா லோஸி புருவத்தைத் தூக்குவாங்க." க்வோக் தாய் சிரிக்கிறாள். "இப்ப அவங்க இல்லாதப்பவும் வருது."

எதிரொலிகூட இல்லை. எதிரொலி தானாக வருவது, இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், புருவத்தைத் தூக்கி அதட்டியிருக்கிறேன், பிறகு ஆறு வருஷம் நாற்பத்தொரு மணி நேரம் பதிவுசெய்து, அட, இவர்களிடம் மூன்று மடங்கு இருக்கிறதே என்று அதிசயப்பட்டிருக்கிறேன். என் பாட்டை நானே தெருவில் பாடிவிட்டு ஜன்னல் வழியாகக் கேட்டு யார் பாடுகிறார்கள் என்று குறிப்பெடுத்திருக்கிறேன். நெஞ்சு ஒரு தடவை கனத்தது, அதை மறைக்க முடியாது, ஐந்தாம் அத்தியாயம் போனால் ஆறும் ஏழும் அதன் மேல்தான் நிற்கின்றன, புத்தகம் ஜூனுக்கு வராது, அடுத்த வருஷம்கூட வராது, ஓய்வு பெற்றவளாகத்தான் அதைத் திருத்தி எழுத வேண்டும், மேஜை காலியாக இருக்கும். ஆனால் கனத்த இடத்துக்குக் கீழே வேறு ஒன்று கிளம்பியது, முதலில் விக்கல் என்று நினைத்தேன், சிரிப்பு. போர்வை குலுங்கியது. உம்மா பதினைந்து வருஷம் ஹாங்காங்கில் இருந்தார், காண்டனீஸில் எவ்வளவு, போதும், நாளைக்கு வா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை படிக்கவில்லை, இந்தச் சத்தம் எனக்கு வேண்டாம் என்று ஊருக்கே போய்விட்டார். அவர் வாயிலிருந்து விழுந்த ஒரு எழுத்தை இன்றைக்குச் சோயாபால் கடை மருமகள் தாங்கமுடியாமல் திட்டுகிறாள். ஏழு வயதிலிருந்து இந்த ஊரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், எனக்கு எதுவும் தவறக் கூடாது என்று வாய் பார்த்து வாய் பார்த்துக் கேட்டேன், இவர்களும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு பெரிய தப்பு வெளியே வந்த மத்தியானத்தில் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை, இருந்தது.

பச்சைக் கறை எழுந்து நிற்கிறாள், "அய்யோ, அவங்களுக்குப் புரியுமா" என்கிறாள், நான் கண்ணைத் திறந்து, "புரியுமாம்" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள், அவள் கைகுவித்து மன்னிப்புக் கேட்டாள், முடியைப் பற்றிச் சொன்னது பாராட்டுதான் என்றாள், பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன் என்றேன். முட்டைக் கடிகாரம் கணகணவென்று அடித்தது. தொட்டியில் தலையைச் சாய்த்து வெதுவெதுப்பான தண்ணீர் ஓடும்போது, கழுவும் கரடியின் இறால் போல நான் கிடக்கும்போது, கடிதம் தானாகவே மனத்தில் உருவாகிவிட்டது. புத்தகத்தில் எழுதியிருந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது, இத்தெருவின் பெண்கள் மூன்று மடங்கு பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதியது, ஆங்கிலத்துக்கு வால் கிடையாது, அதில் எழுதுகிறவர் எல்லாரும் தானே பார்த்தவர்போல எழுதிவிடலாம். உம்மா இருந்தால் நீ கண்டியா என்று கேட்டிருப்பார். கண்டேன், ஆனால் நானும் அதில் இருந்தேன் என்று சொல்லியிருப்பேன், அப்ப அதையும் சேத்துச் சொல்லு என்றிருப்பார், அவ்வளவுதான் முடிவு, ஆராய்ச்சி முறை என்று முதலாம் ஆண்டில் நாங்கள் நடத்தும் பாடமும் அதுதான். முடியைத் துவட்டியதும் கண்ணாடியை மாட்டினேன், கறைகளெல்லாம் ஆட்களானார்கள், பச்சைச் சட்டைக்காரிக்கு நான் நினைத்ததைவிட வயது குறைவு, முகத்தில் பருகூட இருந்தது. கைபேசியை எடுத்தேன், நாலு மணி பத்து நிமிஷம். ஐந்து, ஆறு, ஏழு அத்தியாயங்களை நிறுத்திவையுங்கள், பதிவுகளில் ஆய்வாளர் பேசியிருக்கிறார், என் வரிகளையும் எழுதிச் சேர்த்துவிட்டுப் புதிதாக அனுப்புகிறேன், நாளாகும் என்று தட்டினேன். அனுப்பும் பொத்தானைக் காலையில் அழுத்த முடியாத விரல் இப்போது சட்டென்று அழுத்தியது.

லாய் ஜே பின்னால் சிறு கண்ணாடியைப் பிடித்து என் பின்னந்தலையைக் காட்டினாள், கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை, எனக்குப் பிடித்த நிறம். "புத்தகம் ஜூன்ல வந்துடும்னு சொன்னீங்களே, எங்க பேரெல்லாம் அதுல இருக்குமா?" என்று கேட்டாள். "வருமாம்," என்றேன், "ஜூன்ல இல்லையாம்." என்னுடைய புத்தகத்துக்கு நானே ஆம் போடுவதைக் கேட்டு அவள் புருவத்தைத் தூக்கினாள், என் புருவம்போலவே தூக்கினாள். லீங் கதையையும் எழுதப்போகிறேன், வேண்டுமானால் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன், எதற்கு மாற்றணும், அவள் கடைக்கு ஆள் வரட்டும் என்றாள் க்வோக் தாய். முக்காட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பச்சைச் சட்டைக்காரி விடைபெற்றுக்கொண்டு படியிறங்கினாள், பாதிப் படியிலேயே கைபேசியை எடுத்துவிட்டாள், மாடிப்படி ஒரு நல்ல ஒலிப்பெட்டி, ஒவ்வொரு எழுத்தும் மேலே வந்தது. "இங்க ஒரு இந்தியக்கார அம்மாவைப் பார்த்தேன். பேராசிரியராம். நாம பேசறதைப் பத்தித்தான் புத்தகம் எழுதறாங்களாம். அவ்வளவும் சொந்த முடியாம்." மூன்று. அடித்தொண்டையில் தொடங்கி எழும் வோ, மூன்றும், வால் வால் வால். வந்து நாற்பது நிமிஷம்தான் ஆகிறது. பழக்கத்தில் கை நோட்டைத் தேடிப் பைக்குள் போய்விட்டது, நோட்டும் பேனாவும் தட்டுப்பட்டன, பிறகு கையை வெறுமனே வெளியே எடுத்துக்கொண்டேன். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. நான் அங்கே இருந்தேனே.